வலிப்பு உள்ள பையன் வீடியோ கேம் போட்டிக்குப் போகலாமா?

1/
"டாக்டர், என் பையனுக்கு ஃபிட்ஸ் இருக்கு. டிவி, மொபைல், வீடியோ கேம் எதையுமே காட்டக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?"

என் கிளினிக்கில் அடிக்கடி வரும் கேள்வி. இந்த முறை என் அக்கா வீட்டிலிருந்தே வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்க.

2/
அக்கா பையனுக்கு 14 வயசு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. அப்பா பட்டு நெசவு. பையனுக்கு 11 வயதில் முதல் வலிப்பு வந்தது. மாத்திரை தொடங்கினோம். கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

இப்போது சென்னையில் ஒரு போக்கிமான் போட்டி. ரசிகர்களே சேர்ந்து நடத்துகிற சின்னப் போட்டிதான். முப்பது பேர் வருவாங்களாம். வருகிற ஞாயிறு. அவன் வாழ்க்கையில் இதுதான் முதல் போட்டி.

(இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேரு மட்டும் வேணாம், மத்ததெல்லாம் போடுங்க மாமா" என்றான்.)

3/
போக்கிமான் தெரியாதவர்களுக்காக: விதவிதமான ஜந்துக்களைப் பிடித்து, வளர்த்து, மோத விடும் விளையாட்டு. தீ புல்லை எரிக்கும், நீர் தீயை அணைக்கும், புல் நீரைக் குடிக்கும். இப்படி மொத்தம் 18 வகை. எந்த வகை எதை வெல்லும், எதனிடம் தோற்கும் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

போட்டியில் ஆளுக்கு ஆறு ஜந்துக்களோடு வரணும். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, 90 விநாடிக்குள் நம்முடைய நான்கைத் தேர்ந்தெடுக்கணும். களத்தில் ஒரே நேரத்தில் ரெண்டு ரெண்டாக மோதும். ஒவ்வொரு முறையும் யோசிக்க 45 விநாடி. ஒரு ஆட்டம் முழுக்கவும் உங்கள் பங்குக்குக் கிடைப்பது 7 நிமிடம்தான். சதுரங்க கடிகாரம் மாதிரி.

4/
அக்கா பயந்ததற்குக் காரணம் ஒரு ஃபார்வர்ட் வீடியோ. "போக்கிமான் பார்த்து நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு வலிப்பு" என்று. "டேய், நீ டாக்டர்தானே, இது பொய்யின்னு சொல்லு பாப்போம்" என்றாள்.

பொய் இல்லை. நடந்த விஷயம்தான். ஆனால் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

5/
1997 டிசம்பர் 16, ஜப்பான். மாலையில் டிவியில் போக்கிமான் தொடர் ஓடுகிறது. ஒரு காட்சியில் பிக்காச்சு, ஏவுகணைகள் மேல் மின்னல் அடிக்கும். அந்த வெடிப்பைக் காட்ட சிவப்பும் நீலமும் திரை முழுக்க மாறி மாறி, விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை, சில விநாடிகள் மின்னின. அன்று இரவு 685 குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

எல்லோருக்கும் வலிப்பு இல்லை. பலருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல். பெரும்பாலானோர் சீக்கிரமே தேறிவிட்டார்கள். தொடரை நான்கு மாதம் நிறுத்தினார்கள். அதன்பிறகு ஜப்பான் தொலைக்காட்சிகள் மின்னும் காட்சிகளுக்கு விதிமுறையே வகுத்தன.

6/
இதற்குப் பெயர் ஒளித்தூண்டல் வலிப்பு. மின்னும் வெளிச்சம், சில வகைக் கோடுகள், குறிப்பாக சிவப்பு மினுமினுப்பு, இவை சிலரின் மூளையைத் தூண்டிவிடும்.

கவனிங்க, *சிலரின்* மூளையை. வலிப்பு நோய் உள்ள 100 பேரை எடுத்தால் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் இது உண்டு. சின்ன வயதிலும் வளரும் பருவத்திலும் கொஞ்சம் அதிகம். மீதிப் பேருக்கு டிவியும் வீடியோ கேமும் தனியாக ஆபத்து இல்லை. ஆனால் நம் ஊரில் 100 குழந்தைகளுக்கும் டிவியை அணைத்து விடுகிறோம்.

7/
உங்கள் குழந்தை அந்த மூன்றில் ஒன்றா என்று எப்படித் தெரியும்? ஊகிக்க வேண்டாம். ஈஈஜி எடுக்கும்போதே கண்முன் ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் மின்ன விட்டு மூளையின் அலைகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பார்கள். பையனுக்கும் பார்த்தார்கள். மாற்றம் எதுவும் இல்லை. அவனுடைய நரம்பியல் மருத்துவரிடம் போட்டியைப் பற்றிச் சொன்னோம். "தாராளமா போகட்டும், தூக்கம் மட்டும் கெடக் கூடாது" என்றார்.

நான் பொது மருத்துவர். இந்த முடிவை அவரைக் கேட்டுத்தான் எடுத்தோம். நீங்களும் உங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

8/
பரிசோதனை சரியாக இருந்தாலும் சில பழக்கங்கள் எல்லாப் பிள்ளைகளுக்குமே நல்லது.

- இருட்டு அறையில் விளையாடக் கூடாது. லைட் எரியணும்.
- திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்க.
- பெரிய டிவிக்கு மூக்கை ஒட்டி உட்கார வேண்டாம்.
- மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் எழுந்து நடக்கணும்.
- திடீரென்று மின்னி, கண் ஒரு மாதிரி ஆனால் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பணும். ஒரு கண் மூடினால் மூளைக்குப் போகும் தூண்டல் குறையும்.

9/
இப்போ உண்மையான வில்லன்களைச் சொல்கிறேன். திரையைவிட இவைதான் அதிகம் வலிப்பைக் கொண்டுவரும்.

ஒன்று, மாத்திரையை விடுவது.
இரண்டு, தூக்கம் கெடுவது. (ஈஈஜியில் ஒன்றும் தெரியாவிட்டால், முந்தின இரவு தூங்காமல் வரச் சொல்லித் திரும்ப எடுப்போம். தூக்கமின்மை அவ்வளவு பெரிய தூண்டல்.)
மூன்று, காய்ச்சல்.

போட்டிக்குப் போகிற பையன் இரவு இரண்டு மணி வரை பயிற்சி செய்தால் ஆபத்து விளையாட்டில் இல்லை, அந்த இரண்டு மணியில் இருக்கிறது.

10/
அதனால் எங்கள் தயாரிப்பு இப்படித் தொடங்கியது. பள்ளி நாளில் ஒரு மணி நேரம், விடுமுறையில் இரண்டு மணி நேரம். இரவு ஒன்பதரைக்குக் கருவி அம்மா பீரோவுக்குள். மாத்திரை காலை 8, இரவு 8. இதற்கு அவன் ஒத்துக்கொண்டால்தான் போட்டி.

ஒத்துக்கொண்டான். அதோடு நிற்கவில்லை. மீதி நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பயிற்சி செய்ய ஆரம்பித்தான். "எதிராளி இதை அனுப்பினா நான் எதை அனுப்பணும்" என்று பக்கம் பக்கமாக. திரையே இல்லாத பயிற்சி.

11/
அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் அவன் குழுவைப் பார்த்தேன். முதல் பெயர், போரிகான்2.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1997-ல் அந்த எபிசோடின் கதை போரிகான் என்ற ஜந்துவைச் சுற்றியது. மின்னல் அடித்தது பிக்காச்சு. ஆனால் பழி போரிகான் மேல் விழுந்தது. பிக்காச்சு உலகத்துக்கே செல்லப் பிள்ளையாகிவிட்டது. போரிகானுக்கு அந்தத் தொடரில் அதன்பிறகு முக்கிய வேடம் எதுவும் தரவில்லை. அதன் அடுத்த நிலையான போரிகான்2-வுக்கும் அதே கதிதான்.

12/
"ஏன்டா இதை எடுத்தே?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமே பண்ணல மாமா. சும்மா இருந்ததுக்கு ஒதுக்கிட்டாங்க. கேம்ல செம்ம ஸ்ட்ராங் தெரியுமா?" என்றான்.

போன வருஷம் வகுப்பில் சுற்றுலா போனார்கள். இவனுக்கு மட்டும் "வேண்டாம்மா, வழியில ஏதாச்சும் ஆயிடுச்சின்னா யார் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு இவன் வீட்டில்தான் இருந்தான். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

13/
விளையாட்டு ரீதியாகவும் அவன் சொல்வது சரிதான். போரிகான்2-க்கு 'ட்ரிக் ரூம்' என்றொரு வித்தை உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஐந்து சுற்றுகளுக்கு உலகம் தலைகீழ். மெதுவாக நகர்கிறவர்கள் முதலில் அடிப்பார்கள், வேகமானவர்கள் கடைசியில்.

அதற்குப் பின்னால் இவன் இறக்குவது டோர்கோல். நெருப்பு ஆமை. ஆட்டத்திலேயே மிக மெதுவான ஜந்துக்களில் ஒன்று. உடம்பில் அடிபடாமல் இருக்கும்போது அதன் 'எரப்ஷன்' அடிக்கு பலம் மிக அதிகம், எதிராளிகள் இருவரையும் சேர்த்து அடிக்கும். வழக்கமாக இது அடிப்பதற்குள் நாலு அடி வாங்கிவிடும். ட்ரிக் ரூமில் அதுதான் முதல்.

எங்கள் ஊர் கச்சபேஸ்வரர் கோயிலில் திருமால் ஆமை வடிவில் சிவனைப் பூஜிக்கிற சிற்பம் இருக்கிறது. போன வாரம் அதன் எதிரில் நின்று என்னவோ முணுமுணுத்தான். எதை வேண்டினான் என்று எனக்குத் தெரியும்.

14/
ஒரு சிக்கல். ட்ரிக் ரூம் அந்தச் சுற்றில் எல்லோரும் அடித்து முடித்த பிறகுதான் வேலை செய்யும். அதுவரை போரிகான்2 சாகாமல் இருக்கணும். அதனால் பக்கத்தில் பச்சிரிசு. மின்சார அணில். 'என்னைப் பார்' என்று அடியையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

யாரும் மதிக்காத இந்த அணிலை 2014-ல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டிக்குக் கொண்டுவந்தார் தென் கொரியாவின் சேஜுன் பார்க். முதலில் வேடிக்கை என்று நினைத்தார்கள். அவர்தான் அந்த ஆண்டு உலக சாம்பியன். நம் கதையிலும் பாலம் கட்டும் இடத்தில் ஒரு அணில் உண்டுதானே.

15/
அக்காவைச் சமாதானப்படுத்தியாயிற்று. அடுத்து அவள் வீட்டுக்காரர். அவர் பயம் வேறு. "மாப்ள, இது ரம்மி மாதிரியா? பணம் கட்டி ஆடுறதா?"

நியாயமான கேள்வி. நம் தெருக்களில் அதில் வீடு இழந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆட்டம் வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதைத் தடை செய்கிறது, ஈ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரிக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈ-ஸ்போர்ட்ஸ் காட்சிப் போட்டியாக இருந்தபோதே குஜராத்தின் தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கினார். 2024-ல் ஹொனலுலுவில் நடந்த போக்கிமான் உலகப் போட்டியில், போக்கிமான் கோ பிரிவின் இறுதிச் சுற்று வரை ஒரு இந்தியர் வந்தார்.

ஆனாலும் பெற்றோரே, பிள்ளை ஆடும் கேமில் பணம் எங்கே போகிறது என்று கேளுங்க. கேட்பது தப்பே இல்லை.

16/
அவர் கொஞ்ச நேரம் பையன் ஆடுவதைப் பார்த்தார். "ரெண்டு பேரா சேர்ந்து அடிக்கணுமா? அப்ப கோர்வை மாதிரி."

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். கோர்வைத் தறியில் நெய்பவர் ஒரு பக்கம், எதிர்க் கரைக்கு நாடா தள்ள உதவியாள் இன்னொரு பக்கம். ரெண்டு பேர் கையும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் உடலும் கரையும் பிரியாமல் பிணையும். ஒருத்தர் பிசகினாலும் சேலையில் தெரிந்துவிடும்.

பிறகு சொன்னார்: "இவன் வயசுக்கு முன்னாடியே நான் எங்கப்பா பக்கத்துல உக்காந்து கரை தள்ளிட்டு இருந்தேன். ஸ்கூல் எல்லாம் அதோட முடிஞ்சுது. இவன் விளையாடப் போறான். போகட்டும்."

போட்டிக்கு 200 ரூபாய் நுழைவுக் கட்டணம். அந்தப் பணத்தை அவரே எடுத்துக் கொடுத்தார்.

17/
"எந்நேரமும் விளையாடினால் நோய்தானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் (2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது) 'கேமிங் டிஸ்ஆர்டர்' இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் என்பது மட்டும் அளவுகோல் இல்லை. கட்டுப்பாடு போய்விட்டதா? மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாகிவிட்டதா? படிப்பும் உறவும் உடம்பும் கெட்ட பிறகும் நிறுத்த முடியவில்லையா? இது பொதுவாக 12 மாதமாவது நீடிக்கிறதா? இவைதான் கேள்விகள். ஒன்பதரைக்குக் கருவியைக் கொடுத்துவிட்டு சோறு சாப்பிட வருகிற பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்காதீங்க.

18/
தோல்வியைப் பற்றியும் பேசினோம். இந்த ஆட்டத்தில் பல அடிகள் 90 சதவீதம்தான் படும். "90-ன்னா கண்டிப்பா படும்" என்றான். ஒரு அடி 90 சதவீதம் என்றால், தொடர்ந்து ரெண்டு அடியும் படுவதற்கு 81. தொடர்ந்து பத்தும் படுவதற்கு வெறும் 35. நோட்டில் பெருக்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

ஒவ்வொரு நாளும் நான் நோயாளிகளிடம் சொல்வதும் இதைத்தான். சரியான மருந்து எடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 10-ல் 7 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். பெரிய நம்பிக்கை அது. ஆனால் உறுதிமொழி அல்ல. அதனால்தான் எல்லாம் சரியாக இருந்தாலும், 'ஒருவேளை வந்தால்' என்பதற்கும் தயாராக இருக்கணும்.

19/
இங்கேதான் பெரிய சண்டை. போட்டி நடத்துபவர்களிடம் சொல்லணும் என்று அக்கா. "சொன்னா வராதேன்னுடுவாங்க" என்று பையன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் பேசவே இல்லை.

அவன் பயம் ஆதாரம் இல்லாதது இல்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே 1999 வரை, அடிக்கடி வலிப்பு வருபவருக்குத் திருமணம் செய்துகொள்ளத் தடை இருந்தது. சட்டம் திருந்திவிட்டது. சம்பந்தம் பேசுகிற வீடுகள் இன்னும் முழுசாகத் திருந்தவில்லை. நம்மூரில் இதை மறைத்தே வாழக் கற்றுக்கொடுக்கிறோம். ஒரு கோடிக்கு மேல் இந்தியர்களுக்கு இருக்கும் நோய், ஆனால் நமக்குத் தெரிந்தவர் யாருக்கும் இருப்பதாகவே தெரியாது.

20/
நான் அவனிடம் இவ்வளவுதான் சொன்னேன். "எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். அந்த அறையில ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும். யாருக்கு, என்ன வார்த்தையில, நீயே முடிவு பண்ணு."

ரெண்டு நாள் கழித்து அவனே எழுதி எனக்கு அனுப்பினான்: "அண்ணா, எனக்கு ஃபிட்ஸ் இருக்கு. மாத்திரை போடுறேன். ரெண்டு வருஷமா வரல. வந்தா என்ன பண்ணணும்னு கீழ எழுதியிருக்கேன். வராது. நான் விளையாடலாமா?"

போட்டி நடத்தும் பையனிடமிருந்து அரை மணியில் பதில்: "வாடா தம்பி. டீம் ஷீட் மறக்காம கொண்டு வா."

21/
அவன் கீழே எழுதிய அந்தக் குறிப்பைத்தான் உங்களுக்கும் தருகிறேன். இதற்காகத்தான் இந்த முழுத் தொடரும். ஒருவருக்கு வலிப்பு வந்தால்:

- நேரம் பாருங்க. வாட்ச், மொபைல் எதுவானாலும்.
- பக்கத்தில் இருக்கும் நாற்காலி, கூர்மையான பொருள்களை நகர்த்துங்க.
- தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்க. கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்க.
- ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்க. எச்சில் வெளியே வடியணும்.
- நினைவு வரும் வரை கூடவே இருங்க. கூட்டம் சேர்க்காதீங்க, வீடியோ எடுக்க விடாதீங்க.

22/
செய்யக் கூடாதவை:

- கையில் சாவி, இரும்பு கொடுக்காதீங்க. இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவி கொடுக்கிற நேரத்தில் அது நிற்கும், பெயர் சாவிக்குப் போகும்.
- வாயில் ஸ்பூன், துணி, விரல் எதையும் வைக்காதீங்க. பல் உடையும், மூச்சு அடைக்கும்.
- கை காலை அழுத்திப் பிடிக்காதீங்க.
- முழு நினைவு வரும் வரை தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ போடவோ வேண்டாம்.
- செருப்பு, வெங்காயம் முகர வைக்க வேண்டாம்.

5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், நினைவு வராமலே மறுபடி வந்தால், அடிபட்டிருந்தால், வாழ்க்கையில் முதல் முறையாக வந்திருந்தால் உடனே 108.

23/
ஞாயிறு திட்டம் இது. விடிகாலை காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் தூக்கம் கெடும். அதனால் சனிக்கிழமை மாலையே தாம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரவு 8-க்கு மாத்திரை, ஒன்பதரைக்குப் படுக்கை. காலை இட்லி, மாத்திரை. பையில் ஒரு நாள் மாத்திரை கூடுதலாக, தண்ணீர், டீம் ஷீட் ரெண்டு பிரதி, சார்ஜர், அந்தக் குறிப்பு எழுதிய அட்டை. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் வெளியே வந்து பத்து நிமிடம் நடை. கூட வருவது அப்பா. தறியை ஒருநாள் நிறுத்திவிட்டு.

24/
அவன் ஜெயிப்பானா? முதல் போட்டி. நாலு சுற்றில் ஒன்று ஜெயித்தால் நல்ல தொடக்கம் என்று அவன் நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறான். அதற்குக் கீழே, "ட்ரிக் ரூம் முதல் சுற்றிலேயே போடணும்னு அவசரப்படாதே" என்று ரெண்டு கோடு போட்டிருக்கிறது.

25/
உங்கள் வீட்டில் வலிப்பு உள்ள பிள்ளை இருந்தால், அவன் என்ன செய்யக் கூடாது என்ற பட்டியல் ஏற்கெனவே உங்களிடம் நீளமாக இருக்கும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்க. ஒவ்வொன்றாகக் கேளுங்க. நீச்சலுக்குப் பக்கத்தில் ஆள் வேணும், உயரத்தில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கட்டாயம் கேட்டுத்தான் ஆகணும். அவையெல்லாம் நியாயமான எச்சரிக்கை. மீதியில் பாதி அடிபட்டுப் போகும்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன். மாத்திரையின் அளவு, நிறுத்தலாமா என்பதை மட்டும் இங்கே கேட்காதீங்க. அதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்லணும்.

21, 22 ரெண்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் தெரு, பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்க. ஞாயிறு அந்த அறையில் இருக்கப் போகிற முப்பது பேரில் யாராவது இதைப் படிக்கிறீங்கன்னா, போரிகான்2 வச்சிருக்கிற பையனைப் பார்த்தா ஒரு ஹாய் சொல்லுங்க. விட்டுக்கொடுத்து ஆட வேண்டாம்.